கல்லூரிக்கு எதற்கு ஒரு லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியம்?

மகன் மிச்சிகனில் மேற்படிப்புக்குச் சேர்ந்திருக்கிறான், அவன் அனுப்பிய போட்டோவில் ஸ்டேடியம் முழுக்கத் தலைகள், ஒரு லட்சம் பேருக்கு மேல் என்கிறான், விளையாடுவதோ கல்லூரி மாணவர்கள். தொழில்முறை அணிகளுக்கே இவ்வளவு பெரிய ஸ்டேடியம் இல்லாதபோது கல்லூரிகளுக்கு இது எப்படி வந்தது, யார் பணம் போட்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. நான் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர், ஒஹாயோவில் பல வருடம் இருந்தவன், இந்த ஸ்டேடியங்கள் மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டு. அதனால் பதில் நீளமாகத்தான் வரும்.

முதலிலேயே ஒன்று. இங்கே ஃபுட்பால் என்றால் நம் ஊர்க் கால்பந்து கிடையாது. முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், தோள்கவசம், ஆளை ஆள் மோதி விழுத்துவது, அந்த விளையாட்டு. அமெரிக்காவில் அதைத் தொடங்கி வைத்ததே கல்லூரிகள்தான். 1869 நவம்பர் 6ஆம் தேதி நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் கல்லூரிக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்த ஆட்டத்தை முதல் கல்லூரி ஆட்டமாகக் கணக்கு வைக்கிறார்கள். பக்கத்துக்கு 25 பேர், ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. ஸ்டேடியம் எல்லாம் இல்லை, புல்வெளி, சுற்றி நின்று பார்த்தவர்கள் நூறு பேர் இருக்கலாம். இன்று உலகத்துக்கே தெரிந்த என்.எஃப்.எல். தொழில்முறை லீக் தொடங்கியது 1920இல். நடுவில் அரை நூற்றாண்டு. அந்த அரை நூற்றாண்டில் இந்த விளையாட்டைப் பார்க்க வேண்டும் என்றால் கல்லூரிக்குத்தான் போக வேண்டும், நாடு முழுக்க வேர் விட்டிருந்ததும் அங்கேதான். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி கான்கிரீட்டில் இருக்கிறது.

1890களில் பெரிய ஆட்டங்களுக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் பேர் வர ஆரம்பித்துவிட்டார்கள். உட்கார இருந்தது மரப்பலகை கேலரி. அது ஒடியும், எரியும், இடமும் போதாது. 1900 நவம்பர் 29, சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும் ஆட்டம். டிக்கெட் ஒரு டாலர். அது கையில் இல்லாத பையன்கள் எதிரில் இருந்த கண்ணாடித் தொழிற்சாலையின் கூரைமேல் ஏறிவிட்டார்கள். கூரை உடைந்து, கீழே எரிந்துகொண்டிருந்த உலைமேல் விழுந்தார்கள். 23 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறுவர்கள். உள்ளே ஆட்டம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. இறந்த பார்வையாளர்களின் எண்ணிக்கையில் அமெரிக்க விளையாட்டு வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய விபத்து வேறு கிடையாது, ஆனாலும் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. கூட்டம் வளர்ந்த வேகத்துக்கு இடம் வளரவில்லை என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி வேண்டாம்.

அப்புறம் வந்தது ஹார்வர்டு, 1903. எனக்கு மிகப் பிடித்த கட்டடம் இது, கொஞ்ச நேரம் இங்கேயே நிற்கப் போகிறேன்.

1879ஆம் ஆண்டு ஹார்வர்டில் படித்து முடித்த செட், தங்கள் 25ஆம் ஆண்டு நினைவாகக் கல்லூரிக்கு ஒரு லட்சம் டாலர் கொடுப்பதாகச் சொன்னார்கள். அதை விதையாக வைத்து, மொத்தம் சுமார் 3,10,000 டாலர் செலவில், குதிரை லாட வடிவில் ஒரு ஸ்டேடியம் கட்டினார்கள். நாம் ஆர்.சி.சி. என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, கம்பி போட்ட கான்கிரீட், அன்றைக்கு அது புதுச் சரக்கு. பாஸ்டன் குளிரில், பனி உறைந்து உருகி உறைந்து உருகி, இது வெடித்துப் போய்விடும் என்று பலர் நினைத்தார்கள். ஹார்வர்டின் எஞ்சினியரிங் பேராசிரியர் லூயிஸ் ஜான்சன் நிற்கும் என்றார். படி இருக்கைகளைக் கீழேயே அச்சில் வார்த்து, இறுகிய பிறகு தூக்கி மேலே பொருத்தினார்கள். இன்று மெட்ரோ பாலங்களில் நாம் பார்க்கிற அதே ப்ரீகாஸ்ட் யோசனை, 120 வருடத்துக்கு முன்னால். சுமார் நாலரை மாதத்தில் ஆட்டம் நடத்தும் அளவுக்கு வேலை முடிந்தது. முதல் ஆட்டம் 1903 நவம்பர் 14, டார்ட்மவுத்திடம் ஹார்வர்டு 11-0 என்று தோற்றது. ஆட்டம் தோற்றாலும் கான்கிரீட் ஜெயித்துவிட்டது, இன்றைக்கும் அங்கே ஆட்டம் நடக்கிறது.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். ஆட்டத்துக்காக ஸ்டேடியம் கட்டுவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். ஹார்வர்டு கட்டடம் ஆட்டத்தையே மாற்றியது.

அந்தக் காலத்து ஃபுட்பாலில் பந்தை முன்னால் வீசக்கூடாது. பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பத்துப் பேர் கைகோத்துக் கூட்டமாக எதிரணிமேல் போய் மோதுவார்கள். கழுத்து முறியும், மண்டை உடையும். 1905 சீசனில் மட்டும், பள்ளி கல்லூரி எல்லாம் சேர்த்து, குறைந்தது 18 பேர் இறந்துபோனார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டு, ஆட்டத்தைச் சரிசெய்யச் சொன்னார். அவருடைய மகனே அப்போது ஹார்வர்டில் ஆடிக்கொண்டிருந்தார். கொலம்பியா பல்கலைக்கழகம் ஃபுட்பாலையே நிறுத்தியது. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ரக்பிக்கு மாறின.

விதிகளை மாற்ற உட்கார்ந்த குழுவின் முன்னால் இருந்த ஒரு யோசனை, மைதானத்தை 40 அடி அகலப்படுத்துவது. இடம் அதிகம் கிடைத்தால் கூட்டமாக மோதாமல் பக்கவாட்டில் ஓடுவார்கள், அடி குறையும். நியாயமான யோசனைதான். ஆனால் ஹார்வர்டின் புது ஸ்டேடியத்தில் இரண்டு பக்கமும் கான்கிரீட் கேலரி நின்றது, கட்டி மூன்று வருடம்கூட ஆகவில்லை, இடிக்க யாருக்கு மனசு வரும்? மரக் கேலரியாக இருந்திருந்தால் ஒரே வாரத்தில் பிரித்துத் தள்ளிப் போட்டிருப்பார்கள். அகலப்படுத்தும் யோசனை கைவிடப்பட்டது. மைதானத்தை விரிக்க முடியாததால் ஆட்டத்தை விரிக்க வேறு வழி பார்த்தார்கள், 1906இல் பந்தை முன்னோக்கி வீசலாம் என்று அனுமதித்தார்கள். ஃபார்வர்டு பாஸ். இன்று டிவியில் குவார்ட்டர்பேக் என்கிற பந்து வீசும் ஆட்டக்காரர் நாற்பது கெஜம் தூரத்துக்குப் பந்தை எறிவதும், ஒருவர் ஓடிப்போய்த் தாவிப் பிடிப்பதும் அதிலிருந்து வந்ததுதான். மைதானத்தின் அகலம் 1881இல் வைத்த அதே 160 அடி, இன்றைக்கும் மாறவில்லை. விதி மாற்றத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, பாஸ் வேண்டும் என்று முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் உண்டு. ஆனாலும் அந்தக் கான்கிரீட் சுவருக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது யேல், 1914, கனெடிகட் மாநிலம் நியூ ஹேவன். ஹார்வர்டு கட்டினால் யேல் சும்மா இருக்குமா? அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக வேண்டும், ஆனால் அந்த அளவுக்குத் தூண் தூணாக எழுப்பிக் கட்டினால் செலவு தாங்காது. சார்லஸ் ஃபெரி என்ற எஞ்சினியர் சொன்ன வழி, நம் ஊர் ஆட்களுக்கு உடனே புரியும்: குளம் வெட்டிக் கரை போடுகிற வேலை. நடுவில் தோண்டுவது, தோண்டிய மண்ணையே சுற்றிலும் கரையாகக் கொட்டி இறுக்குவது, கரையின் உள்சரிவில் கான்கிரீட் படி போட்டு விடுவது. வண்டி வைத்து மண்ணை வெளியே கொண்டுபோக வேண்டாம், வெளியிலிருந்து கொண்டுவரவும் வேண்டாம். பாதி ஸ்டேடியம் தரைக்குக் கீழே, பாதி மேலே. சுமார் ஏழரை லட்சம் டாலரில் 70,000 பேருக்கு இடம். கரையைக் குடைந்து 30 சுரங்க வழிகள். பார்க்க ஒரு பெரிய கிண்ணம் மாதிரி இருந்ததால், கிண்ணத்துக்கான ஆங்கிலச் சொல்லை (Bowl) வைத்து, பெயரே ‘யேல் போல்’. 1914 நவம்பர் 21 திறப்பு விழா ஆட்டத்தில் ஹார்வர்டு வந்து 36-0 என்று யேலை அடித்துவிட்டுப் போனது தனிக்கதை.

அந்தப் பெயர் எங்கே போய் நிற்கிறது பாருங்கள். கலிஃபோர்னியாவின் பாசடேனாவில் 1922இல் கட்டிய ஸ்டேடியத்துக்கு, யேலைப் பார்த்து ரோஸ் போல் என்று பெயர் வைத்தார்கள். அங்கே புத்தாண்டில் நடக்கும் ஆட்டத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1930களில் மயாமியில் ஆரஞ்சு போல், நியூ ஆர்லியன்ஸில் சுகர் போல், டல்லஸில் காட்டன் போல். கடைசியில் என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் போல். கோடிக்கணக்கானவர்கள் உச்சரிக்கிற அந்தச் சொல் கனெடிகட்டில் மண் வெட்டிப் போட்ட கரையிலிருந்து வந்தது.

சரி, இவையெல்லாம் பணக்காரத் தனியார் கல்லூரிகள். உங்கள் மகன் இருப்பது அரசுப் பல்கலைக்கழகம். அங்கே எப்படி வந்தது?

முதல் உலகப்போர் முடிந்தது 1918இல். ஊருக்கு ஊர் இறந்த பையன்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பிக்கொண்டிருந்த நேரம். பல்கலைக்கழகங்கள் நினைவுச்சின்னத்தையே ஸ்டேடியமாகக் கட்டின. கான்சஸ், நெப்ராஸ்கா, இல்லினாய், கலிஃபோர்னியா என்று எல்லாம் மெமோரியல் ஸ்டேடியம்தான், எல்லாம் 1921இலிருந்து 1923க்குள். இல்லினாயில் வரிசையாக நிற்கும் தூண்களில் போரில் இறந்த மாணவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். பணம் பெரும்பாலும் நன்கொடை. மாணவர்களும் பழைய மாணவர்களும் இத்தனை டாலர், இத்தனை வருடத்தில் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஃபுட்பாலுக்குக் காசு கேட்டால் யோசிப்பவர்கூட செத்துப்போன வகுப்புத் தோழனின் பெயரில் கேட்டால் கொடுப்பார். இதைச் சூழ்ச்சி என்று சொல்பவர்கள் உண்டு, நான் அப்படி நினைக்கவில்லை. அந்தத் தூண்களின் பக்கத்தில் நின்று பெயர்களைப் படித்தால் அது தெரியும்.

இன்னொன்று கார். ஃபோர்டு கார் விலை மலிந்து, நூறு மைல் தள்ளியிருக்கும் விவசாயியும் சனிக்கிழமை காலையில் கிளம்பி ஆட்டம் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்ப முடிந்தது. மாநிலத்தில் வேறு பெரிய அணி கிடையாது. நெப்ராஸ்காவை எடுத்துக்கொள்ளுங்கள், இன்றுவரை அங்கே ஒரு என்.எஃப்.எல். அணி இல்லை. 1962இலிருந்து அவர்கள் ஸ்டேடியத்தில் டிக்கெட் விற்றுத் தீராத ஆட்டமே இல்லை. ஆட்ட நாளில் அந்த ஸ்டேடியம்தான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் என்று அங்கே சொல்வார்கள், கணக்கும் ஏறக்குறைய சரி.

இதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டு 1921இல் குதிரைகளைக் கட்டி மண் இழுத்து, யேல் மாதிரியே கரை போட்டு, 60,000 பேருக்கு இடம் செய்தது. ஒஹாயோ ஸ்டேட் 1922இல் திறந்தது. அதைப் பற்றிப் பேசினால் நான் ஒரு பக்கச் சார்பாகத்தான் பேசுவேன். லாட வடிவம், இரண்டு அடுக்கு, 66,000 பேருக்கு மேல் இடம், வாசலில் ரோமின் பாந்தியன் கோயில் மாதிரி ஓர் அரைக்கோள வளைவு. கட்டடக்கலைஞர் ஹோவர்டு ட்வைட் ஸ்மித். இவ்வளவு பெரியது எந்தக் காலத்திலும் நிரம்பாது என்றார்கள். அந்த அக்டோபரிலேயே மிச்சிகன் வந்தபோது நிரம்பி வழிந்தது. ஆட்டத்தில் மிச்சிகன் 19-0, அதை உங்கள் மகன் உங்களுக்கு நிச்சயம் சொல்லியிருப்பான். பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஓட்டப்பந்தயத் தடத்தை எடுத்துவிட்டு மைதானத்தைச் சுமார் 14 அடி தாழ்த்தினார்கள், அது நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே. அதனால் மண்ணுக்குள் சுற்றிலும் ஒரு தடுப்புச் சுவர் இறக்கி, ஊறும் நீரைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். மேலே லட்சம் பேர் கத்திக்கொண்டிருக்கும்போது அந்தச் சுவரை நினைத்துக்கொண்டிருக்கும் ஒருசிலரில் நானும் ஒருவன்.

இப்போது உங்கள் மகன் போட்டோ எடுத்த இடம். மிச்சிகன் ஸ்டேடியம், 1927. அதைக் கொண்டுவந்தவர் ஃபீல்டிங் யோஸ்ட், பயிற்சியாளராக இருந்து பிறகு விளையாட்டுத் துறைத் தலைவரானவர். ஒரு லட்சத்துக்கு மேல் வேண்டும் என்பது அவர் ஆசை, நிர்வாகம் 72,000க்குத்தான் ஒப்புக்கொண்டது. அவர் விடவில்லை. அஸ்திவாரத்தைப் பின்னால் பெரிதாக்கத் தோதாகப் போட வைத்தார், திறப்பு விழாவுக்கு மேலே மர பெஞ்சுகளைச் சேர்த்து 84,000ஐத் தாண்டவைத்தார். அரசுப் பணம் வாங்கவில்லை. 500 டாலர் பத்திரங்கள் 3,000 அச்சடித்து விற்றார்கள். பத்திரம் வாங்கியவருக்கு வட்டியோடு, பத்து வருடத்துக்கு நடுக்கோட்டுப் பக்கம் நல்ல இடத்தில் டிக்கெட் வாங்கும் உரிமை. இன்று உலகம் முழுக்க ஸ்டேடியம் கட்டுபவர்கள் செய்கிற சீட் உரிமை வியாபாரத்தை அவர் 1920களிலேயே செய்துவிட்டார். தோண்டும்போது ஊற்று கிளம்பி மண் சேறாகிப் பெரும்பாடு பட்டார்கள். ஒரு கிரேன் அப்படியே உள்ளே போய்விட்டது, இன்றும் மைதானத்துக்கு அடியில் இருக்கிறது என்று ஸ்டேடியம் இருக்கும் ஆன் ஆர்பர் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். மகனை வெளியே நின்று பார்க்கச் சொல்லுங்கள், பெரிய இடம் மாதிரியே தெரியாது. கிண்ணத்தின் பெரும்பகுதி தரைக்குக் கீழே இருக்கிறது, உள்ளே நுழைந்தவுடன்தான் காலடியில் அது விரியும்.

இன்றைய இருக்கைக் கணக்கு 1,07,601. அந்தக் கடைசி ஒன்று, ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் என்ற பழைய பயிற்சியாளருக்காக எங்கேயோ ஒரு இருக்கை என்பது அங்கே மரபு, எந்த இருக்கை என்று யாரும் சொல்வதில்லை. 1975 நவம்பரிலிருந்து அங்கே கூட்டம் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை, கோவிட் காலத்தில் வாசலைப் பூட்டி ஆடியதைத் தவிர. 2013 செப்டம்பர் 7 அன்று நோட்டர் டேமுக்கு எதிராக வந்தவர்கள் 1,15,109 பேர்.

எப்படி இத்தனை பேரை அடைக்கிறார்கள் என்றால், பெஞ்ச். தனி நாற்காலி கிடையாது, பெரும்பாலான இடத்தில் நீளப் பலகை, ஓர் ஆளுக்கு ஏறக்குறைய ஒன்றரை அடி அகலம் என்று எண் போட்டிருக்கும். தொழில்முறை ஸ்டேடியத்தில் சாய்ந்து உட்கார நாற்காலி, கண்ணாடி அறை, உணவகம் எல்லாம் வைப்பதால் எண்பதாயிரத்தோடு நின்றுவிடுகிறது. லட்சத்தைத் தாண்டிய அமெரிக்க ஃபுட்பால் ஸ்டேடியங்கள் என்று மிச்சிகன், பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட், டெக்சஸ் ஏ அண்ட் எம், எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்), டென்னசி, டெக்சஸ், அலபாமா என எட்டைச் சொல்வார்கள். எட்டும் கல்லூரிகளுடையவை.

கேலரிக்கு அடியில் என்ன இருந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. வருடத்துக்கு ஆறேழு நாள் மட்டும் பயன்படும் இவ்வளவு பெரிய கட்டடத்தின் கீழே அத்தனை வெற்றிடம். பொருளாதார மந்தம் வந்தபோது அதை வீணாக்காமல் பயன்படுத்தினார்கள். ஒஹாயோவில் 1933இல் கேலரிக்கு அடியில் மாணவர் விடுதி தொடங்கினார்கள். காசில்லாத வீட்டுப் பிள்ளைகள் ராணுவக் கட்டிலில் படுத்து, சமையலும் துப்புரவும் தாங்களே செய்து, மிகக் குறைந்த செலவில் படித்துப் போனார்கள், 1990கள் வரை அது ஏதோ ஒரு வடிவத்தில் இருந்தது. லூசியானாவில் எல்.எஸ்.யூ. இன்னும் ஒரு படி மேலே போனது. கையில் இருந்த பணம் விடுதிக்கு, ஸ்டேடியத்துக்கு அல்ல. அதனால் விடுதியைக் கட்டி அதன் தலைமேல் கேலரியை வைத்துவிட்டார்கள், சுமார் 1,500 பேர் தங்கும் அளவுக்கு அறைகள். வெளியிலிருந்து பார்த்தால் வரிசையாக ஜன்னல்கள், அந்த ஜன்னல்கள் ஏன் அங்கே இருக்கின்றன என்று தெரியாமலே பலர் கடந்துபோகிறார்கள். டென்னசியில் பல பத்தாண்டுகள் மானுடவியல் துறை கேலரிக்கு அடியில்தான் இருந்தது. தடயவியல் ஆராய்ச்சிக்கான மனித எலும்புக்கூடுகள் பெட்டி பெட்டியாக அங்கே, மேலே ஒரு லட்சம் பேர்.

கேலரிக்கு அடியில் நடந்தவற்றில் எல்லாவற்றையும் விடப் பெரியது சிகாகோவில் நடந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் ஃபுட்பால் ராஜா, சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 1935இல் முதலில் வாங்கியவரே அவர்களுடைய ஜே பெர்வாங்கர். ஆனால் அதன் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், பல்கலைக்கழகத்தின் வேலை இதுவல்ல என்று 1939இல் ஃபுட்பாலையே நிறுத்திவிட்டார். ஸ்டாக் ஃபீல்டு என்ற ஸ்டேடியம் காலியாகக் கிடந்தது. அதன் மேற்குக் கேலரிக்கு அடியில் பந்தடிக்கும் உள்ளரங்கு ஒன்று. அங்கேதான் என்ரிகோ ஃபெர்மியும் குழுவும் கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் 57 அடுக்காக அடுக்கி, 1942 டிசம்பர் 2 மாலை மூன்றரை மணி வாக்கில், மனிதன் கட்டுப்படுத்திய முதல் அணுப்பிளவுத் தொடர்வினையை நடத்தினார்கள். அணுயுகம் தொடங்கிய இடம் ஆள் வராத ஒரு ஃபுட்பால் கேலரி. கேலரியை 1957இல் இடித்துவிட்டார்கள், இன்று அங்கே ஒரு வெண்கலச் சிற்பம் நிற்கிறது.

பென் ஸ்டேட் செய்தது என்னைப் போன்றவர்களுக்குத் தனி மகிழ்ச்சி. 1959 சீசன் முடிந்ததும், வளாகத்தின் ஒரு பக்கத்தில் இருந்த இரும்பு ஸ்டேடியத்தைச் சுமார் 700 துண்டுகளாகக் கழற்றி, இன்னொரு கோடிக்குக் கொண்டுபோய் மறுபடி முடுக்கினார்கள், 1960 செப்டம்பரில் அங்கே ஆட்டம் தொடங்கிவிட்டது. இடம் போதாமல் 1978இல் கேலரியைப் பகுதி பகுதியாக அறுத்து, ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து உயரத் தூக்கி, அடியில் புதிய வரிசைகளைச் செருகினார்கள்.

பெருமை மட்டும் பேசினால் அது முழுக்கதை ஆகாது. ஐயோவா ஸ்டேட் ஸ்டேடியத்தின் பெயர் ஜாக் டிரைஸ். அவர் அந்தக் கல்லூரிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர். 1923 அக்டோபர் 6ஆம் தேதி மினசோட்டாவுக்கு எதிராக ஆடினார். முந்தின இரவு விடுதி அறையில் உட்கார்ந்து, என் இனத்தின் மானமும் என் குடும்பத்தின் மானமும் நாளை என் கையில் இருக்கிறது என்ற பொருளில் தனக்குத்தானே ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். ஆட்டத் தொடக்கத்திலேயே தோள்பட்டைப் பக்கம் எலும்பு முறிந்தும் ஆடினார், மூன்றாவது கால்பகுதியில் விழுந்தவரை மிதித்துவிட்டார்கள், இரண்டு நாளில் இறந்துபோனார். கடிதம் அவருடைய கோட்டுப் பையில் கிடைத்தது. ஸ்டேடியத்துக்கு அவர் பெயரை வைக்க வேண்டும் என்று 1970களில் மாணவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். 1984இல் மைதானத்துக்கு மட்டும் பெயர் வைத்தார்கள், முழு ஸ்டேடியத்துக்கும் வைக்க 1997 ஆகிவிட்டது. தெற்கில் பல மாநிலங்களில் 1960களின் இறுதி வரை கறுப்பின மாணவர்கள் இந்தப் பெரிய ஸ்டேடியங்களில் ஆட முடியாமல்தான் இருந்தது. அந்தக் கேலரிகளைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இருக்கும் பெர்க்லியில் வேறு மாதிரி சிக்கல். 1923இல் கட்டிய அந்த ஸ்டேடியத்தின் அடியில், ஒரு கோல் பக்கத்திலிருந்து மறு கோல் பக்கம் வரை, ஹேவர்டு நிலநடுக்கப் பிளவு ஓடுகிறது. பூமி மெதுவாக நகர்ந்து நகர்ந்து சுவரில் விரிசலும் விலகலும் கண்ணுக்கே தெரிந்தன. வேறு இடத்துக்கு மாற்றாமல், 2012இல் முடிந்த புதுப்பிப்பில், பிளவு ஓடும் பகுதியை மட்டும் தனித்தனிக் கட்டிகளாகப் பிரித்து, அடியில் பூமி ஆறு அடி விலகினாலும் அவை தனியாக நகர்ந்துகொள்ளும்படி அமைத்தார்கள். அதற்கு முன் பக்கத்திலிருந்த ஓக் மரங்களை வெட்டக்கூடாது என்று 21 மாதம் மரத்தின்மேலேயே குடியிருந்து போராடியவர்களும் உண்டு. செலவு 30 கோடி டாலருக்கு மேல். நல்ல சீட்டுகளை நீண்டகால உரிமையாக விற்று அடைத்துவிடலாம் என்று போட்ட கணக்கு பலிக்கவில்லை, கடன் அந்தப் பல்கலைக்கழகத்தை இன்னும் அழுத்துகிறது.

பணத்தைப் பற்றிக் கேட்டதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல காலம் டிக்கெட்தான் வருமானம், அதைக் காப்பாற்ற 1951இலிருந்து தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. டிவியில் காட்டும் ஆட்டங்களையே கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 1984இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்றது, அதிலிருந்து டிவிப் பணம் கொட்ட ஆரம்பித்தது. நல்ல இடத்தில் சீட் வேண்டும் என்றால் முதலில் கல்லூரிக்கு நன்கொடை கொடுக்க வேண்டும், அதில் 80 சதவீதத்துக்கு வரிவிலக்கு வேறு, 2017 சட்டம் வரும்வரை. கண்ணாடி அறைகள் வந்ததும் அப்படித்தான். இந்த வரிவிலக்கு எனக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை. சீட்டுக்குக் கொடுக்கும் பணத்தைத் தர்மம் என்று எழுதிக்கொள்வது எப்படி நியாயம்?

இனி இப்படிப் பெரிதாகக் கட்டுவார்களா என்றால், எனக்குச் சந்தேகம்தான். சிகாகோ பக்கத்தில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1926இல் கட்டிய, 47,000 பேர் உட்காரும் தன் ஸ்டேடியத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது சுமார் 35,000 பேருக்கு மட்டும். வீட்டில் பெரிய டிவி வந்த பிறகு ஒன்றரை அடி பெஞ்சில் பனியில் உட்கார வருபவர் குறைவு, வசதியான நாற்காலிக்கு அதிகம் கொடுக்கத் தயாராக இருப்பவர் அதிகம். பழையவற்றில் பலவற்றிலும் புதுப்பிக்கும்போது இருக்கைகளைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள்.

மகனைப் பார்க்க அமெரிக்கா போனால், மிச்சிகன் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைத்தால் நிச்சயம் போங்கள், நவம்பர் என்றால் கம்பளியோடு ஒரு சின்னத் தலையணையும் எடுத்துக்கொள்ளுங்கள், பெஞ்ச் சில்லிட்டிருக்கும். கிழக்குப் பக்கம் போகும் வாய்ப்பு இருந்தால் யேலுக்கும் ஒருமுறை. வெளியே பார்த்தால் புல் முளைத்த ஒரு கரைதான், ஏரிக்கரை மாதிரியே இருக்கும். அந்த முப்பது சுரங்க வழிகளில் ஏதாவது ஒன்றில் நுழைந்து நடங்கள், நடக்க நடக்க இருட்டி, மறுமுனையில் வெளிச்சம் தெரியும், வெளியே காலை வைத்ததும் 110 வருடத்துக்கு முன் அவர்கள் தோண்டிய பள்ளம் முழுதாக உங்களுக்குக் கீழே கிடக்கும்.